பெரிய கிளப்புக்குப் போன மேலாளர் மீதான கோபம் ஏன் ஆறுவதில்லை?

நீலக் கடற்புறா

வணக்கம். நான் இங்கிலாந்தின் பிரைட்டன் கால்பந்து கிளப்பின் ரசிகை. ஆனாலும் எல்லா அணிகளின் ரசிகர்களும் பதில் சொன்னால்தான் எனக்குத் தெளிவு கிடைக்கும் என்பதால் இதைப் பொதுவாகவே கேட்கிறேன்.

2022 செப்டம்பர் 8 அன்று எங்கள் மேலாளர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) கிரகாம் பாட்டர் எங்களை விட்டுச் செல்சிக்குப் போனார். தன் மேலாளர் தாமஸ் டுக்கலைச் செல்சி அதற்கு முந்தைய நாள்தான் நீக்கியிருந்தது. பிரீமியர் லீக்கில் அப்போது நாங்கள் ஆடியிருந்தவை ஆறே ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஓல்டு டிராஃபோர்டிலேயே 2-1 என்று வென்றிருந்தோம். அந்த மைதானத்தில் பிரைட்டன் பெற்ற முதல் வெற்றி அது. ஆறாவது ஆட்டத்தில் லெஸ்டரை 5-2 என்று வீழ்த்திப் புள்ளிப் பட்டியலில் நான்காம் இடத்தில் இருந்தோம். பொறுமையாக இருந்தால் பலன் கிடைக்கும் என்று மூன்று ஆண்டுகளாக எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். பலன் கைக்கு வந்த வாரத்திலேயே அவர் புறப்பட்டுவிட்டார்.

அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று அவர் செல்சியோடு எங்கள் அமெக்ஸ் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். புதிய மேலாளர் ரொபெர்ட்டோ டி செர்பி அதுவரை ஐந்து ஆட்டங்களில் ஒன்றைக்கூட வென்றிருக்கவில்லை. செல்சியோ பாட்டரின் கீழ் ஓர் ஆட்டத்திலும் தோற்றிருக்கவில்லை. பாட்டர் எல்லைக்கோட்டருகே வந்து நின்றபோதெல்லாம் மைதானம் முழுவதும் கூச்சலிட்டது. ஐந்தாவது நிமிடத்தில் எங்கள் டுரோசார்ட் கோல் அடித்தார். பிறகு செல்சியின் லாஃப்டஸ்-சீக்கும் சலோபாவும் ஆளுக்கொரு சேம்சைடு கோல் போட்டார்கள். இடைவேளையில் 3-0, முடிவில் 4-1. கால்பந்தில் அதைவிட இனிமையான ஒரு பிற்பகலை எனக்கு நினைவில்லை. அந்த இனிமையில் பாதிக்குமேல் வன்மம் கலந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

என்னைக் குழப்புவது பின்வருவதுதான். எங்களுக்கு உண்மையில் நட்டமே ஏற்படவில்லை. இழப்பீடாக இரண்டு கோடிப் பவுண்டுக்கு மேல் கிடைத்ததாகச் செய்திகள் கூறின. அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்து, கிளப்பின் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றோம். பாட்டரையோ செல்சி ஏழு மாதம் முடிவதற்குள், 2023 ஏப்ரல் 2 அன்று நீக்கிவிட்டது. அப்போது அவர்கள் பதினோராம் இடத்தில் இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் எல்லாமே எங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் அவர் பெயரைக் கேட்டால் இன்றும் மனம் கசக்கிறது.

பாட்டர் போன அதே 2022 கோடையில் எங்கள் ஆட்டக்காரர் குக்குரெல்லா ஆறு கோடிப் பவுண்டுக்குமேல் விலைபோய் அதே செல்சிக்குத்தான் சென்றார். அந்த அக்டோபர் ஆட்டத்தில் அவருக்கும் கூச்சல் கிடைத்தது, ஆனால் அது ஆட்டத்தோடு தீர்ந்துபோயிற்று. ஆட்டக்காரர் போனால் ஆறிவிடும் மனம், மேலாளர் போனால் ஏன் ஆறுவதில்லை? உங்கள் அணிகளில் இது நடந்திருந்தால், அந்தக் கோபம் எப்போதாவது தீர்ந்ததா? தீர்ந்தது என்றால், எது அதைத் தீர்த்தது?

கோட்டுக்கு வெளியே

தோழி, உங்கள் வருத்தத்தைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பாட்டர் பிரைட்டனுக்கு எப்படி வந்தார் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2019 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே கிறிஸ் ஹியூட்டனை உங்கள் கிளப் நீக்கியது. முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பிரைட்டனை முதல் பிரிவுக்கு உயர்த்தியவர் அவர். அதன்பின் இரண்டு சீசன்களும் அணியை அங்கேயே நிலைநிறுத்தினார். நீக்கப்பட்ட அந்த ஆண்டிலேயே எஃப்ஏ கோப்பை அரையிறுதி வரை கொண்டு போயிருந்தார். அவர் இடத்துக்கு ஒரு வாரத்துக்குள் அழைத்து வரப்பட்டவர்தான் பாட்டர். அதற்குமுன் மேலாளராக இருந்த ஸ்வான்சியில் அவர் முடித்திருந்தது ஒரே ஒரு சீசன். கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, தேர்ந்த ஆட்டக்காரர்களையெல்லாம் விற்றுவிட்டு, இளைஞர்களை வைத்து மீண்டும் எழ முயன்றுகொண்டிருந்த கிளப் அது. எஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-0 என்று முந்திவிட்டு 3-2 என்று தோற்ற அந்த அணியைப் பார்த்து, இதை வைத்து ஏதோ செய்யப்போகிறார் என்று ஸ்வான்சி ரசிகர்கள் நம்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு பிரைட்டன்தான் அன்றைய செல்சி.

டி செர்பி 2024-இல் விலகியதும் யாரைக் கொண்டு வந்தீர்கள்? பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சாங்க்ட் பவுலியை ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு உயர்த்திவிட்டு, அந்தப் பிரிவில் ஓர் ஆட்டம்கூட அவர்களோடு ஆடாத ஃபாபியன் ஹுர்ட்சலரை. சாங்க்ட் பவுலி ரசிகர்கள் அந்த வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள் மேலாளரை இழந்தார்கள். அதைப் பற்றி அமெக்ஸில் யாரும் துக்கம் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021 நவம்பரில் லீட்ஸுடன் கோலின்றிச் சமநிலையில் முடிந்த ஆட்டத்துக்குப் பின் சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே பாட்டரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். தமக்குப் புரியவில்லை என்றும், கிளப்பின் வரலாற்றைத் தாம் இன்னும் படிக்க வேண்டும் போலும் என்றும் அவர் சற்றுக் காரமாகவே சொன்னார். அந்த சீசனை அணி ஒன்பதாம் இடத்தில் முடித்தது. அதுவரை பிரைட்டன் எட்டிய இடங்களிலேயே அதுதான் உயர்ந்தது. தோற்றால் சில வாரங்களிலேயே பதவியிலிருந்து தூக்கி எறியப்படும் ஒரு தொழிலில் இருப்பவரிடம், வென்றால் மட்டும் ஆயுள் முழுக்க எங்களோடு இரு என்று கேட்பது ஒருதலையான ஒப்பந்தம். செல்சி அவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் கதியைப் பார்த்த பிறகும் மேலாளர்களிடம் விசுவாசம் எதிர்பார்க்கிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பச்சை வெள்ளை வரிகள்

மேலே எழுதியவர் சொல்வது தர்க்கப்படி சரி. ஆனால் ரசிகனுக்கு வலிப்பது எங்கே என்பதை அந்தத் தர்க்கம் தொடவே இல்லை. ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி ரசிகன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான நேரங்களில் நாம் கோபப்படுவது அவர் போனதற்காக இருப்பதில்லை, போன வேளைக்காகத்தான் இருக்கும்.

பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2016-இல் எங்களிடம் வந்தபோது, சிறுவயது முதலே செல்டிக் ரசிகன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். முதல் சீசனில் உள்நாட்டில் ஓர் ஆட்டத்தைக்கூட இழக்காமல் மூன்று கோப்பைகளையும் (லீக், லீக் கோப்பை, ஸ்காட்டிஷ் கோப்பை) வென்றார். அடுத்த சீசனிலும் மூன்றையும் வென்றார். மூன்றாவது சீசனில் லீக் கோப்பை டிசம்பரிலேயே கைக்கு வந்துவிட்டது. தொடர்ச்சியாக ஏழு கோப்பைகள். 2019 பிப்ரவரி இறுதியில் லீக்கில் எட்டுப் புள்ளி முன்னிலை, ஸ்காட்டிஷ் கோப்பையிலும் அணி களத்தில் இருந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மூன்று கோப்பைகளையும் வெல்வது ஸ்காட்லாந்தில் அதற்குமுன் எவரும் செய்யாத செயல். அதற்கு இன்னும் மூன்று மாதமே இருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் லெஸ்டருக்குப் போனார். உதவிப் பயிற்சியாளர்கள் கிறிஸ் டேவிஸும் கோலோ டூரேயும் அவருடனேயே சென்றார்கள்.

லெஸ்டர் அன்று இங்கிலாந்தில் பன்னிரண்டாம் இடத்தில் இருந்த அணி. பெரிய கிளப்புக்குப் போனார் என்று சொல்வதைக்கூட எங்களில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பணம் பெரிதாக இருந்த லீகுக்குப் போனார், அவ்வளவுதான். மறுநாளே ஹார்ட்ஸ் அணியின் மைதானத்தில் எங்கள் ரசிகர்கள் ஒரு பதாகையை விரித்தார்கள். அழியாப் புகழைக் கொடுத்துவிட்டுச் சராசரித்தனத்தை வாங்கிக்கொண்டாய், நீ ஒருபோதும் எங்களவன் இல்லை, எப்போதும் ஏமாற்றுக்காரன்தான் என்பது அதிலிருந்த வாசகத்தின் சாரம். அது அளவுக்கு மீறிய வார்த்தை என்று அன்றே நினைத்தேன். ஆனால் அதை எழுதியவர்களின் மனநிலை எனக்கு முழுமையாகப் புரிந்தது. அவசரமாக அழைத்து வரப்பட்ட நீல் லெனன் அந்த மூன்றாவது தொகுதியையும் முடித்துக் கொடுத்தார். இறுதிப் போட்டியில் அதே ஹார்ட்ஸை 2-1 என்று வென்றோம்.

தீர்ந்ததா என்று கேட்டீர்கள். 2023 கோடையில் அவரையே மீண்டும் அழைத்து வந்தார்கள். இடையில் அவர் லெஸ்டருக்கு 2021-இல் எஃப்ஏ கோப்பை வென்று கொடுத்திருந்தார் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகவே அவர் போனது வீண் என்றும் சொல்ல முடியாது. வந்த முதல் சில மாதங்கள் ரசிகர்கள் அவர் பெயரைப் பாடவில்லை, கூச்சலிடவும் இல்லை. கடன் திருப்பித் தர வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவதுபோல ஒரு நடத்தை. லீகையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் வென்ற பிறகுதான் குரல்கள் மாறின. 2025 அக்டோபரில் அவர் மீண்டும் விலகினார். இந்த முறை கிளப்பின் பெரும்பங்குதாரரே அவரைக் கடுமையாகச் சாடி அறிக்கை விட்டார். ரசிகர்களின் கோபமோ இம்முறை அவரைவிட நிர்வாகத்தின் மீதுதான் அதிகம் பாய்ந்தது. ஒரே மனிதர், ஒரே கிளப், இரண்டு முறையும் பாதி சீசனில் விலகல். ஆனாலும் இரண்டாவது முறை அவரை அதே வேகத்தோடு யாரும் வெறுக்கவில்லை. விசுவாசம்தான் அளவுகோல் என்றால் இது எப்படிச் சாத்தியம்?

காட்டுக் கழுகு

இரண்டு பதில்களையும் படித்தேன். ஜெர்மனியிலிருந்து ஓர் உதாரணம் சேர்க்கிறேன். இதில் வேளையோடு சொல்லும் சேர்ந்துகொள்கிறது.

2021 பிப்ரவரியில் குளாட்பாக் அணியின் மேலாளர் மார்கோ ரோஸ, சீசன் முடிந்ததும் குளாட்பாக்கை விட்டு டோர்ட்முண்டுக்குப் போவதாக அறிவித்தார். குளாட்பாக் ரசிகர்கள் கொதித்தார்கள். அணி அடுத்தடுத்துத் தோற்றது. அந்த வெற்றிடத்தை நிரப்ப அவர்கள் கைவைத்தது எங்கள் மேலாளர் மீது. எங்கள் ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டில் அடி ஹுட்டர் நன்றாகவே செய்துகொண்டிருந்தார். விளையாட்டு இயக்குநர் ஃப்ரெடி போபிச் விலகப்போகிறார் என்ற செய்தி பரவியபோது, "நான் இங்கேயே இருப்பேன்" என்று ஹுட்டர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். நம்பினோம். ஏப்ரல் தொடக்கத்தில் டோர்ட்முண்டை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வென்று, அவர்களைவிட ஏழு புள்ளி முன்னே, நான்காம் இடத்தில் இருந்தோம். சாம்பியன்ஸ் லீகில் அதுவரை ஆடியிராத கிளப்புக்கு அது எத்தகைய வாரம் என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 13 அன்று அவர் குளாட்பாக்குக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகைக்கான விதி இருந்தது. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

அறிவிப்புக்கு அடுத்த ஆட்டம் எங்கே தெரியுமா? குளாட்பாக்கின் மைதானத்தில். 4-0 என்று தோற்றோம். தம்மை வாங்கிய அணியிடம், தாம் விட்டுப்போகும் அணியை வைத்துக்கொண்டு, அந்தத் தொண்ணூறு நிமிடமும் எல்லைக்கோட்டருகே ஒரு மனிதர் எப்படி நின்றார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. சீசன் முடிவில் நாங்கள் ஐந்தாம் இடம். டோர்ட்முண்ட் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் திட்டமிட்டு அணியைக் கெடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் போகிறவரின் சொல்லுக்கு உடைமாற்றும் அறையில் எடை குறைந்துவிடும். இன்னும் சில வாரங்களில் வேறு அணிக்கு உழைக்கப்போகிறவர், உயிரைக் கொடுத்து ஓடு என்று சொன்னால் எந்த ஆட்டக்காரரின் கால் முழுமனதாக ஓடும்? போவதை மறைத்தால் ஏமாற்று, முன்கூட்டியே சொன்னால் அணி தளர்கிறது. இந்த இடத்தில் நல்ல வழி என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். சாபி அலோன்சோ லெவர்குசனில் செய்ததுதான் அதற்கு மிக அருகில் வருகிறது. 2024-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் லீகை வெல்லும் பாதையில் இருந்தபோது லிவர்பூல், பயர்ன் முதலிய கிளப்புகளோடு அவர் பெயர் அடிபட்டது. இன்னும் ஒரு சீசன் இருப்பேன் என்றார், இருந்தார், 2025 மே மாதம் விடைபெற்று ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். கைதட்டி அனுப்பினார்கள். ஆனால் லீக் பட்டத்தையே வென்று கொடுத்தவருக்கு அது எளிது என்பதையும் மறக்கக்கூடாது.

எங்கள் கோபம் எப்படித் தீர்ந்தது என்றால், மிகச் சாதாரணமாகத்தான். வோல்ஃப்ஸ்பர்கைச் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெறச் செய்திருந்த ஒலிவர் கிளாஸ்னரை நாங்கள் அழைத்து வந்தோம். (வோல்ஃப்ஸ்பர்க் ரசிகர்களைப் பற்றி நாங்களும் கவலைப்படவில்லை, முதல் பதிலாளரின் வாதம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது.) 2022-இல் யூரோப்பா லீகை வென்றோம். அதே மே மாதத்தில் ஹுட்டர் பத்தாம் இடத்தோடு குளாட்பாக்கை விட்டு விலகினார். ரோஸயை டோர்ட்முண்ட் நீக்கியது. கோப்பையைத் தூக்கிய அந்த இரவில் ஹுட்டரை நினைத்தவர் எங்களில் யாரேனும் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

தென்றல்முனை

சுருக்கமாக ஒரு செய்தி மட்டும். ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் 2010-11 சீசனில் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு லீக், கோப்பை, யூரோப்பா லீக் மூன்றையும் வென்று கொடுத்தார். லீகில் ஒரு தோல்வியும் இல்லை. போர்ட்டோவின் மேலாளர் இருக்கைதான் தம் கனவு இருக்கை என்று சொல்லி வந்தவர், ஒரே சீசனில், ஒன்றரைக் கோடி யூரோ விடுவிப்புத் தொகைக்குச் செல்சி கேட்டதும் போய்விட்டார். அன்று அவரைத் திட்டாத போர்ட்டோ ரசிகர் குறைவு. 2024 ஏப்ரலில் அதே கிளப்பின் உறுப்பினர்கள், 1982 முதல் தலைவராக இருந்த பின்டோ ட கோஸ்டாவைத் தோற்கடித்து, வில்லாஸ்-போவாஸையே பெரும்பான்மை வாக்குகளால் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறவே ஆறாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

பழைய குடிசன்

சகோதரி, நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது ஆட்டக்காரர் போனால் ஆறும் மனம் மேலாளர் போனால் ஏன் ஆறுவதில்லை என்பதற்கு, இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எவர்ட்டனை நெடுங்காலமாகப் பின்தொடர்பவன் என்பதால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஆட்டக்காரருக்காக நாம் வாதாட வேண்டியதில்லை. அவர் நன்றாக ஆடினால் எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்காகத்தான் நாம் வாதாடுகிறோம். பாட்டரின் இரண்டாவது சீசனை எண்ணிப் பாருங்கள்: 38 ஆட்டங்களில் 40 கோல்கள், பதினாறாம் இடம். உருவாக்கிய வாய்ப்புகளோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு, இந்த ஆட்டமுறை சரியானது, கோல் அடிக்க ஒருவர் கிடைத்தால் போதும் என்று மற்ற அணியினரிடம் மல்லுக்கட்டியவர்கள் நீங்கள்தானே? கேலி பேசியவர்கள் முன்னால் அவருக்குப் பிணை நின்றவர்கள் நீங்கள். அவர் வென்றபோது, அந்த வாதத்தில் நீங்களும் வென்றீர்கள். பின்பு ஒரு பெரிய கிளப் வந்து அந்த வெற்றியை அவருடைய தனித் தகுதியாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் பங்கு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, எந்த இழப்பீட்டிலும் இல்லை. கிளப்புக்குக் கிடைத்த இரண்டு கோடிப் பவுண்டு உங்களைச் சமாதானப்படுத்தாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

டேவிட் மோயஸ் எங்களை விட்டுப் போனபோது வேளையும் சரியாகத்தான் இருந்தது, முறையும் சரியாகத்தான் இருந்தது. பதினொரு ஆண்டுகள் இருந்தார். 2013-இல் ஒப்பந்தம் முடிகிற கோடையில், அலெக்ஸ் ஃபெர்குசனின் இடத்துக்கு மான்செஸ்டர் யுனைடெட் அழைத்தது. எங்கள் மைதானமான குடிசன் பார்க்கில் அவருடைய கடைசி ஆட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் கைதட்டினேன். அவரோடு துணைப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் போனார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

ஆகஸ்டில்தான் எல்லாம் மாறியது. எங்கள் ஆட்டக்காரர்கள் பெய்ன்ஸ், ஃபெலெய்னி இருவருக்கும் சேர்த்து 2.8 கோடிப் பவுண்டு என்று யுனைடெட் விலை கேட்டது. எவர்ட்டன் அதை அவமதிப்பு என்று வெளிப்படையாகவே சொல்லித் திருப்பி அனுப்பியது. தாம் எவர்ட்டனின் மேலாளராக இருந்திருந்தால் அந்த இருவரையும் தடுத்து வைத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் மோயஸ் பேசியதுதான் எரிகிற இடத்தில் எண்ணெயாயிற்று. பதினொரு ஆண்டுகள் எங்கள் பக்கம் நின்று, இந்தப் பெரிய கிளப்புகள் நம்மைத் தாழ்வாகப் பார்க்கின்றன என்று எங்களோடு சேர்ந்து உணர்ந்தவர், மூன்றே மாதத்தில் அதே பார்வையோடு எங்களைப் பார்த்தார். ஃபெலெய்னி கடைசி நாளில் போனார். பெய்ன்ஸ் இருந்துவிட்டார்.

2014 ஏப்ரல் 20 அன்று மோயஸ் யுனைடெட்டோடு குடிசனுக்கு வந்தார். முதல் கோல் பெனால்ட்டி, அடித்தவர் பெய்ன்ஸ். 2-0 என்று வென்றோம். அவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒருவர் காலதூதன் வேடத்தில் எழுந்து அரிவாளை ஆட்டிய படம் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டே நாளில் யுனைடெட் அவரை நீக்கியபோது எனக்குச் சிறிதும் வருத்தம் வரவில்லை என்பதும் உண்மை.

2025 ஜனவரியில் அவரை மீண்டும் எவர்ட்டன் அழைத்தது. தரமிறக்கப் பகுதிக்கு ஒரு புள்ளி மேலே தத்தளித்துக்கொண்டிருந்த அணியைப் பதின்மூன்றாம் இடத்தில் கரை சேர்த்தார். அந்த மே மாதம் குடிசனில் ஆடவர் அணி ஆடிய கடைசி ஆட்டத்திலும் மேலாளர் அவர்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் பேசிய அந்தப் பேச்சை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அணி மூழ்கும் நிலையில் இருக்கும்போது பழைய கணக்கைத் தோண்ட யாருக்கும் நேரமில்லை என்பதே உண்மை. மன்னிப்பு என்று அதற்குப் பெரிய பெயர் வைக்க நான் தயாரில்லை.

கோட்டுக்கு வெளியே

ஐயா, பிணை நின்றவர் என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே தர்க்கப்படி, ஹியூட்டனுக்காக வாதாடிய பிரைட்டன் ரசிகர்களின் பங்கையும் அவர்களுடைய கிளப்தானே எடுத்து எறிந்தது? அந்தக் கோபம் நிர்வாகத்தின் மீது ஏன் இத்தனை ஆண்டுகள் நீடிப்பதில்லை? நிர்வாகம் மேலாளரைக் கைவிட்டால் அது முடிவு, மேலாளர் நிர்வாகத்தைக் கைவிட்டால் அது துரோகம் என்றால், நாம் யாருடைய கோபத்தைச் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

நீலக் கடற்புறா

எல்லோருக்கும் நன்றி. எல்லைக்கோட்டு நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஹியூட்டன் நீக்கப்பட்டபோது எங்களில் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் வேறு எந்த அணியின் உடையணிந்தும் அடுத்த மாதமே எங்கள் எதிரில் வந்து நிற்கவில்லை. அதனால் அந்தக் கோபத்துக்கு முகம் கிடைக்கவில்லை. அடுத்த வெற்றியோடு கரைந்துவிட்டது. எங்கள் உரிமையாளர் டோனி புளூம் கிளப்பை நடத்தும் விதத்தில், மேலாளர் போகும் நாளுக்கு அடுத்தவர் யார் என்ற கணக்கு முன்பே தயாராக இருக்கிறது என்பது டி செர்பியின் வருகையிலேயே தெரிந்தது. ரசிகர்களாகிய நாங்கள்தான் அப்படித் தயாராக இருக்கவில்லை. ஸ்வான்சியையும் சாங்க்ட் பவுலியையும் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை.

குடிசன் ஐயா சொன்னது எனக்குள் ஒன்றைப் பிரித்துக் காட்டியது. பாட்டர் தனியாகப் போகவில்லை. பில்லி ரீட், பியார்ன் ஹாம்பர்க், கோல்கீப்பர் பயிற்சியாளர் பென் ராபர்ட்ஸ், புரூனோ என்று பயிற்சியாளர் குழுவின் பெரும்பகுதியையும் உடன் அழைத்துச் சென்றார். இரண்டு மாதத்தில் ஆட்டக்காரர்களைக் கண்டெடுக்கும் பிரிவின் தலைவர் பால் வின்ஸ்டன்லியும் செல்சிக்குப் போனார். அடுத்த கோடையில் கோல்கீப்பர் சாஞ்செஸும், பத்துக் கோடிப் பவுண்டுக்குமேல் விலைபெற்றுக் கைசெடோவும் போனார்கள். இவற்றில் பிந்தியவை பாட்டர் நீக்கப்பட்ட பிறகு நடந்தவை. அவருக்கு அவற்றில் பங்கில்லை. ஆனாலும் அந்தக் கதவை முதலில் திறந்துவிட்டவர் என்று என் மனம் அவர்மீதே பழி சுமத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டால், மிஞ்சுவது அவ்வளவு பெரிதாக இல்லை. நல்ல வாய்ப்பு வந்தது, போனார், அங்கே சரியாக அமையவில்லை.

புரூனோவின் விஷயம் வேறு. அவர் 2012 முதல் 2019 வரை எங்கள் அணியில் ஆடியவர். 2017-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்தபோது எங்கள் அணித் தலைவர். ஓய்வு பெற்றதும் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். எந்த மேலாளர் போனாலும் இவர் இங்கேயே இருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பாட்டர் நீக்கப்பட்ட இரண்டாம் நாள், லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில் செல்சியின் இடைக்கால மேலாளராக அவர்தான் எல்லைக்கோட்டருகே நின்றார். கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. அந்த ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். செல்சி தோற்க வேண்டும் என்று விரும்பினேன், அவர் தோற்க வேண்டும் என்று விரும்பவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடியும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.